மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த அடுப்பு

எனக்குச் சமையலில் பெரிய ஈடுபாடு கிடையாது. சாப்பாட்டில் உண்டு. வார்த்தைகளில் அதைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கூன் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அவர்கள் 'அ' எழுதி முடிப்பதற்குள் பர்மிய மொழியில் ஒரு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகியிருப்பார்கள். அவர்களோடு மாரடித்த பழக்கமோ என்னவோ, யாராவது ஒரு புதுச் சொல்லைச் சொன்னால் அதை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அப்படி உடைத்துப் பார்த்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் தமிழ்ச் சொல்லும் இல்லை, பர்மியச் சொல்லும் இல்லை. என் அண்ணியின் சொந்தக்காரர்கள் பேசும் மொழியில் உள்ளது. அவர்கள் தெடிம் மலைப்பக்கத்துச் சின் மக்கள். விருந்து நடக்கும் வீட்டில் அடுப்புக்குப் பொறுப்பேற்று, சமைத்து, பரிமாறி, கறியைப் பங்கு பிரிக்கிறவருக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தானுபி. அந்தச் சொல் எனக்குக் கிடைத்த நாளில் ஒரு முற்றம் நிறைய மனிதர்கள் பட்டினி கிடந்தார்கள். காரணம் நாங்கள்தான்.

அண்ணன் அப்போது ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு ஃபெரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஃபெரி என்றதும் படகு என்று நினைத்துவிட வேண்டாம். வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அந்தப் பஸ்ஸில் இன்சேன் பக்கம் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்த பெண்தான் அண்ணி. காலர் தைக்கும் பிரிவில் வேலை. பின் இருக்கையில் இருந்தவள் எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும்தான் வெளிச்சம். அண்ணன் திரும்பியே பார்க்காமல் வண்டி ஓட்டுகிறவன் என்று அதுவரை நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்ததால் எங்கள் வீட்டில் எதிர்ப்புத் தெரிவிக்கும் வேலை அம்மா ஒருத்திமேல் விழுந்தது. அவள் அதைக் குறைவில்லாமல் செய்தாள். சாதி, ஜாதகம் எதையும் விசாரிக்கவில்லை. "தமிழாவது பேசுமா?" என்று மட்டும் கேட்டாள். பேசாது என்று தெரிந்ததும் கொஞ்ச நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். பிறகு பசி தாங்காமல் சம்மதித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த மருமகளை அவள் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, வாம்மா போம்மா என்றும் சொல்லவில்லை. எல்லாம் 'அந்தப் பொண்ணு'தான்.

அண்ணியின் வீட்டில் இதைவிடக் கஷ்டம். அவள் தாயில்லாத பெண். அப்பாவுக்கு அவள் ஒருத்திதான். அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகள் ஒரு கலாவைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று கேட்டதும் (எங்களைப் போன்ற இந்திய முகங்களுக்கு இங்கே எல்லாரும் வைத்திருக்கும் பெயர் அது) அவர் கத்தவில்லை, திட்டவில்லை. மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வரவில்லை. அதன் பிறகும் ஒரு வார்த்தை கிடையாது. அண்ணி எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் வளைய வந்தாள். ஆனால் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள்.

அப்படி ஒரு நாள் செருப்பைக் கழற்றியவர் அவளுடைய அத்தை, அதாவது அவள் அப்பாவின் தங்கை. வெற்றிலை போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். தன் அண்ணன் மூங்கில் வீட்டைப் பிரித்துவிட்டு மரத்தில் புது வீடு கட்டி முடித்துவிட்டார், வருகிற சனிக்கிழமை ஜெபமும் விருந்தும், தூரத்துக் கலே ஊர்ப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். அவ்வளவுதான். வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. இது என்ன அழைப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. அண்ணியோ அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

அண்ணனிடம் அவள் பர்மிய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கும் கேட்டது. விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும், நமக்கு வேலை இருக்கிறது என்றாள். அண்ணன் சரி சரி என்று தலையாட்டினான். அவனுக்கு அது உபசாரப் பேச்சு. கல்யாண வீட்டுக்குப் போனால் 'நீங்கதான் கூடமாட இருந்து நடத்திக் குடுக்கணும்' என்று நம்மிடம் சொல்வார்கள். நாமும் 'அதுக்கென்ன' என்போம். அதற்காக மாப்பிள்ளை போய்க் கரண்டியைப் பிடித்தால், மாமனார் வீட்டார் பதறிப்போய்க் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். உட்கார வைக்காவிட்டால் அந்தக் குடும்பத்தை ஊர் பேசும்.

அம்மாவின் உபதேசமும் இதே வழிதான். "மொதல் மொதலா மாமனார் வீட்டு வாசப்படி ஏறுறே. அவுங்க சொன்னதும் எந்திரிச்சுப் பந்திக்கு ஓடிடாதே. ரெண்டு மூணு தடவை கூப்புடட்டும்" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. அண்ணி இருட்டிலேயே குளித்து, தன் ஊர்க் கட்டம்போட்ட கைத்தறித் துணியை உடுத்திக்கொண்டு வாசலில் பையோடு நின்றாள். எங்கள் வீட்டிலோ பால்காரர் வரவில்லை. புது வீட்டுக்குப் பாலில்லாமல் எப்படிப் போவது என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். பால் வந்தது. பூச்சரம் வரவில்லை. பூச்சரமும் வந்து எல்லாரும் எழுந்தபோது அம்மா கடிகாரத்தைப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்தாள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். சம்பந்தி வீட்டுக்கு முதல் பயணம் ராகுகாலத்தில் புறப்படுவதா?

எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அண்ணி என்னைக் கேட்டாள். நான் ராகுவைப் பற்றிச் சொன்னேன். ராகுவைப் பர்மியர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் அவரைப் புதன்கிழமை சாயங்காலத்தில் குடிவைத்திருக்கிறார்கள். அண்ணி ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு எந்தக் கிழமையிலும் ராகு கிடையாது. அதனால் இன்று சனிக்கிழமையாயிற்றே என்று மட்டும் பாவமாகக் கேட்டாள். பத்தரை அடித்து ஐந்து நிமிடம் சேர்த்துவைத்துத்தான் அம்மா வாசல்படியைத் தாண்டினாள்.

லைன்கார் என்று நாங்கள் சொல்லும் பிக்கப் வண்டியில் ஏறி இன்சேன் பக்கம் போனோம். அம்மாவின் மடியில் புதுப் பித்தளைப் பானை, அதன் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து. என் மடியில் பால் தூக்கு. அண்ணன் பச்சைப் பட்டுக் கைலியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுமாக, கசங்கிவிடாமல் பின்படியில் நின்றுகொண்டு வந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னால் தாங்க முடியாது என்பதால் நான் சொல்லவில்லை.

அந்த வீட்டு முற்றத்தில் நிறையக் கூட்டம். தோளில் சால்வை போட்ட பெரியவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்த பெண்கள், பசியில் சிணுங்கும் குழந்தைகள். எங்களைப் பார்த்ததும் எல்லார் முகமும் மலர்ந்தது. ஓடிவந்து கூட்டிப்போய் முன்வரிசை நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அண்ணி உள்ளே போனாள். நாங்கள் உட்கார்ந்தோம். அவர்கள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணனும் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்ச நேரம் போனது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. ஒரு வாய் தேநீர்கூட வரவில்லை. அம்மா வாயசைக்காமல் பேசுவதில் கெட்டிக்காரி. "ஒரு காப்பித்தண்ணி குடுக்கத் தோணலையே இந்த மனுசங்களுக்கு" என்று என் பக்கம் அனுப்பினாள். வீட்டின் பக்கவாட்டில் செங்கல் அடுப்புகளின் மேல் பெரிய பெரிய இரும்புச் சட்டிகள் தெரிந்தன. விறகு அடுக்கியிருந்தது. நறுக்கிய பன்றிக்கறி வாழை இலையில் பரப்பி மூடியிருந்தது. எந்த அடுப்பிலும் நெருப்பில்லை. விறகுக் கட்டையின் மேல் ஒரு தடித்த ஆள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்து, என் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். கூலிக்கு வந்த சமையல்காரன் போலிருக்கிறது, வேலையைப் பார்க்காமல் விருந்தாளியை முறைக்கிறான், என்ன திமிர் என்று நினைத்தேன்.

புது வீட்டின் ஜன்னல் ஒன்றுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. அண்ணியின் அப்பா. அவர் வெளியே வரவே இல்லை. அவரும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுமை பாட்டியிடமிருந்தும் வரவில்லை, பாட்டனிடமிருந்தும் வரவில்லை. எழுந்து வீட்டின் பின்பக்கம் போனேன். அண்ணி பின்வாசலில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். "என்ன வீடு இது, கூப்பிட்டு உட்கார வைத்துப் பட்டினி போடுகிறீர்கள்" என்று பர்மிய மொழியில் ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அங்கேதான் அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது. தானு என்றால் அவர்கள் மொழியில் மகள். ஒரு வீட்டில் விருந்து என்றால் அந்த வீட்டு மகளும் அவள் புருஷனும்தான் விறகு பிளந்து, நெருப்பு மூட்டி, சமைத்துப் போட வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவருக்குப் பெயரும் தானுதான். பல பேர் இருந்தால் அவர்களில் தலைமையானவர் தானுபி. அது ஏவல் வேலை இல்லை, உரிமை. யாரும் போய், எழுந்து வந்து சமை என்று கேட்கவும் மாட்டார்கள். மகளிடம் போய் மகளாக இரு என்று கேட்டால் அது அவளுக்கு அவமானம். தானாக எழுந்து வந்தால்தான் ஆயிற்று.

"விடியற்காலையிலிருந்து எல்லோரும் உங்க அண்ணனுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் அண்ணி. "அதோ உட்கார்ந்திருக்காரே, அவர் என் அத்தை மருமகன். இவர் எழுந்திரிக்கலேன்னா அவர் எழுந்து பத்தவைப்பார். அப்புறம் இந்த வீட்டுக்குத் தானுபி அவர்தான். என் இடம் போயிடும்."

போய் அவனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். மூன்று நாளாகச் சொல்கிறேன், தலையாட்டுகிறார் என்றாள். அதற்குமேல் அத்தனை பேர் முன்னால் இவள் போய் இழுத்துக்கொண்டு வந்தால், மகள் வந்தாள், மருமகனை இழுக்க வேண்டியிருந்தது என்று ஆகிவிடும்.

எனக்கு அப்போது வந்தது சிரிப்பா கோபமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. இவர்கள் மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறார்கள். இவன் மரியாதைக்காகக் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். இப்படியே விட்டால் இரண்டு பக்கமும் மரியாதையிலேயே செத்துப்போகும்.

முன்னால் வந்து அண்ணன் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவன் பதில் சொல்வதற்குள் அம்மாவின் காதுக்கு அது போய்விட்டது. அவளுக்கு முகம் சிவந்தது. "எம் புள்ளை பந்தியில ஒக்கார வந்தவன். அடுப்பு ஊத வந்தவன் இல்ல" என்றாள். பட்டுக் கைலி கட்டிய மாப்பிள்ளையைப் பன்றிக்கறி கிண்டச் சொல்கிறார்களா என்று அவள் மானம் கொதித்தது. எங்கள் வீட்டில் அந்தக் கறியை வாங்குவதே இல்லை. விறகுக் கட்டையில் இருந்தவன் மெல்ல எழுந்து, கைலியை மடித்துக் கட்டினான். தீப்பெட்டியைத் தேடினான்.

நான் அம்மாவிடம் அண்ணி சொன்னதைச் சொன்னேன், ஒரே மூச்சில். சமைக்கிறவனுக்கு அவர்கள் மொழியில் மகள் என்று பெயர், இவன் எழுந்திருக்காவிட்டால் அவளுக்கு இந்த வீட்டில் மகள் இடம் கிடையாது, பின்வாசலில் நின்று அழுகிறாள் என்றேன்.

அம்மா பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கதை இங்கே தெரிந்தால்தான் அடுத்து அவள் செய்தது புரியும். அவளுக்குக் கல்யாணமான கையோடு, அறுபதுகளில், அவளைப் பெற்றவர்களும் தம்பிகளும் மற்ற தமிழர்களோடு கப்பலேறி மதராஸுக்குப் போய்விட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண் புருஷனோடு ரங்கூனிலேயே தங்கினாள். தலைதீபாவளிக்குப் போக அவளுக்கு வீடில்லை. பிரசவத்துக்கும் இல்லை. கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட இல்லை என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவர்கள் குடியிருந்த வீட்டில் இப்போது யாரோ இருக்கிறார்கள். அந்தத் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில் அம்மா ஏற மாட்டாள், சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அவள் மடியிலிருந்த பித்தளைப் பானையை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"எந்திரிடா. எம் பொறந்த வீடு கப்பலேறிப் போச்சு. அவ பொறந்த வீடு இதோ கண்ணெதிர நிக்குது. நீ ஒக்காந்து அதைக் கெடுத்துடாதே."

அண்ணன் எழுந்தான். பானையோடு அடுப்பை நோக்கி நடந்தான். முற்றத்தில் ஒரு பெருமூச்சு, அதன்பின் ஒரே கலகலப்பு. வெற்றிலை அத்தை கையைத் தட்டினார். தீப்பெட்டி வைத்திருந்த தடித்த ஆள் அதை அண்ணன் கையில் திணித்துவிட்டு, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் திமிர் பிடித்தவன் என்று நினைத்த அந்த மனிதனைப் போல இடம் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே பல வீட்டுக்குத் தானுபியாக இருந்து முதுகு ஒடிந்துவிட்டதாம். இந்த வீடும் தலையில் விழுந்துவிடுமோ என்று விடியற்காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தானாம். அதனால்தான் என் அண்ணனை அப்படிப் பார்த்திருக்கிறான்.

அண்ணனுக்கு டீசல் எஞ்சின் தெரியும். விறகடுப்பு தெரியாது. பட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கஞ்சிச் சட்டையோடு குனிந்து ஊதியதில் புகைதான் வந்தது, கண்ணும் மூக்கும் ஒழுகின. ஒரு வழியாகப் பற்றிக்கொண்டதும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு புது வீடு என்றால் அவனுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். பித்தளைப் பானையை வைத்துப் பாலை ஊற்றினான். பால் பொங்கி வழிந்தபோது அம்மா முன்வரிசையில் இருந்தபடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இதுவும் கலா தானுபிகளின் வழக்கம் போலிருக்கிறது என்று அங்கிருந்தவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். பசித்த குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு வாய் பால் கிடைத்தது.

நான் இஞ்சி தோல் சீவ உட்கார்ந்தேன். அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தடித்த ஆள் சட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எனக்கு அந்தச் சொல்லை இன்னும் பிரித்துக் காட்டினான். தா என்றால் பிள்ளை. நு என்றால் பெண். பி என்றால் பெரியது. "நீயும் நானும் இந்த வீட்டு மகள்கள்" என்று அண்ணன் முதுகில் ஓங்கித் தட்டினான். மீசையில் கரி பூசிய என் அண்ணன் வெட்கப்பட்டதைப் பார்க்க வேண்டுமே, அசல் மகள்தான்.

பெரிய மகள். நான் இஞ்சியைச் சீவிக்கொண்டே எங்கள் சொல்லையும் உடைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை. மா என்றால் பெரியது, பிள்ளை என்றால் பிள்ளை. நாங்களும் அவர்களும் ஒரே சாமான்களை வைத்துத்தான் சொல் கட்டியிருக்கிறோம். எங்கள் 'மா' முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. அவர்கள் 'பி' பின்னால் போய் அடுப்படியில் நிற்கிறது. எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. அண்ணி என்னவென்று கேட்டாள். விளக்கப் போனால் கறி தீய்ந்துவிடும் என்று அப்புறம் சொல்வதாகச் சொன்னேன்.

அவர்கள் கறி சமைப்பது வெகு எளிது. தண்ணீர், உப்பு, இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், அவ்வளவுதான். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது. அண்ணனுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மசாலா எங்கே என்று கேட்டான். அம்மாவுக்கு அதைவிட ஒப்பவில்லை. "மஞ்சளாவது தட்டிப் போடச் சொல்லுடி" என்று எனக்குத் தூது அனுப்பினாள். தடித்த ஆளிடம் சொன்னேன். மஞ்சள் எங்கள் மலையிலும்தான் விளைகிறது என்று அவன் சந்தோஷமாகச் சொல்லி, பானைக் கழுத்தில் மங்களத்துக்குக் கட்டியிருந்த கொத்தையே அவிழ்த்து நசுக்கிச் சட்டிக்குள் போட்டுவிட்டான். நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். மஞ்சள் போட்டாயிற்றா என்று மட்டும் கண்ணால் கேட்டாள், திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

எல்லாம் வெந்து இறக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. இலைகள் போட்டார்கள். அப்போதுதான் அந்த வெள்ளைத்தலை ஜன்னலை விட்டு வெளியே வந்தது. கூட்டம் அடங்கியது. பெரியவர் முதலில் ஜெபம் செய்தார். பிறகு தச்சர்களுக்கு நன்றி சொன்னார், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். அவர்கள் மொழி எனக்குப் புரியாது, தடித்த ஆள் மெதுவாகப் பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தான். அடுத்தது இந்த வீட்டுக்குத் தானுபி யார் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியது. அண்ணன் கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் தானுபி என்றார். அதோடு ஒரு பெயரையும் சொன்னார். அது அண்ணனுடைய பெயர் இல்லை. அண்ணியுடைய பெயர். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர் வாயில் வராத பெயர்.

அண்ணி என் கையை விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை, அவர்களில் அதெல்லாம் பழக்கம் இல்லை. நேரே சட்டிக்குப் போய்க் கரண்டியை எடுத்து, முதல் கறியை அப்பாவின் இலையில் வைத்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. நானும் அழுதேன். எனக்கு அது சந்தோஷ அழுகை என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார். பிறகு என் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். முதன்முதலாக அவனிடம் பேசினார், பர்மிய மொழியில்.

"உப்பு கம்மி."

"அடுத்த தடவை சரியாப் போடுறேன், அபே" என்றான் அண்ணன். அபே என்றால் அப்பா. பெரியவர் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.

அம்மா சோறும் பூசணிக்காயும் சாப்பிட்டாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவர் பர்மிய உச்சரிப்பை மற்றவர் திருத்திக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசினார்கள். கிளம்பும்போது தானுபிக்கு உரிய கறிப்பங்கைத் தனியாக வாழை இலையில் கட்டி, சம்பந்தியம்மாள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா இரண்டு கையாலும் வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அதைச் சமைக்கவில்லை. அம்மாவே தெருவில் இறங்கி, சாப்பிடுகிற அண்டை வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்க பையனுக்கு அவன் மாமனார் வீட்டில் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், அவன் பங்கு இது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் அது வீட்டுக்குப் போன பிறகு. அதற்கு முன், திரும்பிவந்த லைன்காரில், அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் அண்ணியும், பட்டெல்லாம் கரியாகி அவள் தோளில் சாய்ந்து தூங்கும் அண்ணனும். அம்மா அண்ணியின் முழங்காலைத் தட்டினாள். அதுவரை அவளை நேராகக் கூப்பிடாதவள், "இந்தாம்மா" என்று தமிழில் கூப்பிட்டாள். மீதியை என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள்.

"இனிமே விசேஷம்னா சனிக்கிழமை காலையில வெக்க வேணாம்னு அவ அப்பாகிட்ட சொல்லச் சொல்லு."

நான் சொன்னேன். அண்ணி சிரித்தாள், அப்பாவிடம் சொல்கிறேன் என்றாள். அப்பாவிடம் சொல்கிறேன் என்று அவள் சொன்ன அழகைக் கேட்டு எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் பிடிவாதமாகச் சனிக்கிழமையே வைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று அம்மாவைச் சீண்டினேன்.



"வெச்சா வெக்கட்டும். இவுங்க ரெண்டு பேரும் வெள்ளிக்கெழமையே போயி அங்க தங்கிக்கட்டும்" என்றாள். "மக வீட்டுக்குள்ள இருந்தா ராகு என்ன பண்ணிடுவான்?"